ஷாக் அடித்த கம்ப்யூட்டர்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. பரீட்சையில் கட்டுரை எழுதியதற்குப் பிறகு நான் நீளமாக எழுதியதெல்லாம் வீட்டுக்காரரின் கடைக்கு வேண்டிய கடிதங்கள்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம். மகள் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். நான் புறக்கடைக்குப் போய், ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றிவிட்டு வந்தேன். மகளும் அவள் அப்பாவும் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. லேப்டாப்புக்கு ஒன்றென்றால் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளை இந்த ஊரிலேயே இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். விளக்கிச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் இடத்தில் முன்னால் அப்பாவின் பட்டறை, பின்னால் வீடு. பட்டறையில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் இருந்தன. பம்புசெட்டுக்கு வேண்டிய ஷாஃப்ட்டுகளைக் கடைந்து கொடுப்பார்கள். காலையில் தொடங்குகிற சத்தம் பொழுது சாயும்வரை இருக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை நின்றால்தான், வீட்டில் யாரோ ஊருக்குப் போய்விட்டதுபோல இருக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர்கள் பிறந்த ஊரான ஆனைமலையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவர், படிப்பு முடிந்தும் வேலை அமையாமல் தங்கிவிட்டார். ஏதோ கம்பெனியில் பழசைக் கழித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், மாமா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் பையில் ஹார்ட் டிஸ்க் வரும். இன்னொரு நாள் கீபோர்டு வரும், அதில் இரண்டு எழுத்து இருக்காது. அப்படிச் சேர்த்துச் சேர்த்து, நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த காலத்தில், அவரே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தார். நான் சொல்லப் போகிற சம்பவம் நடந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பிறக்கும்போதே கிழடாகப் பிறந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்குள் இன்னும் வயதாகிவிட்டிருந்தது.

அதன் பெட்டிக்கு ஒரு பக்கம் மூடி கிடையாது. பம்பு வந்த அட்டைப்பெட்டியை அளவாக வெட்டி மாமா அந்தப் பக்கத்தை அடைத்திருந்தார். சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கிற ஃபேன் தானாகச் சுற்றாது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இறக்கையை ஒரு தள்ளு தள்ள வேண்டும். பின்னால் இருந்த கட்டம் போட்ட ஓட்டை வழியாகக் குச்சியை விடுவதற்கு என் விரல்தான் தோது என்று மாமா அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். தினமும் திறந்தவுடன் அது நான் பிறப்பதற்கு முந்திய ஒரு வருடத்தைத் தேதியாகக் காட்டும். மாமா சலிக்காமல் அன்றைய தேதியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்.

வேலை என்றால் அவ்வப்போது கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, அதுபோலத் தட்டச்சு வேலைகள். அப்பாவுக்கு அது கண்ணில் பட்டாலே கசக்கும்.

"ஏம் மாப்ள, இந்தப் பொட்டி உனக்குச் சோறு போடுதா, இல்ல நீ இதுக்குச் சோறு போடறியா?" என்று ஒருநாள் சாப்பிட உட்காரும்போது கேட்டார்.

"ரெண்டு பேருத்துக்கும் அக்காதானுங்க மச்சான் போடுது" என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. தெரிந்தவரின் இரும்பு வார்க்கிற பௌண்டரியில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருப்பதாகவும், வருகிற வெள்ளிக்கிழமையே மாமா போய்ச் சேர வேண்டியது என்றும் சொன்னார். அப்போதுதான் மாமாவுக்கு ஒரு வேலை வந்திருந்தது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு டுடோரியலில், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடக் குறிப்புகளையெல்லாம் தமிழில் அடித்துத் தரச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஒழுங்காகக் கொடுத்தால் வருடம் முழுக்க வேலை தருகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அம்மா அதை எடுத்துச் சொன்னாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்பறம் நீங்க சொல்றபடி கேக்கட்டும்."

"உன்ற தம்பிய நீ இன்னும் அஞ்சு வருசத்துக்குப் பொறுத்துக்கச் சொல்லுவ. இது ஊடா, சத்திரமா?"

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

"ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரேன் கண்ணு. நீ பரீட்சைக்குப் படி."

"எப்பம்மா வருவ?"

"அம்மன் எப்ப உடறாளோ அப்ப வாரேன்."

அம்மன் ஏன் அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் அம்மாவிடம் கேட்டால் தான் கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை, சாமி கும்பிடத்தான் போனதாகச் சொல்வாள். சாமி கும்பிட எதற்கு அத்தனை நாள் என்று கேட்டால், கூட்டம் என்பாள்.

அம்மா போனதும் வீட்டில் பௌண்டரிப் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மாமா கிளம்பவில்லை, அப்பாவும் கிளப்பவில்லை. அதுமட்டுமல்ல, ஒரு மாலை அப்பா கம்ப்யூட்டர் இருந்த அறை வாசலில் வந்து நின்று, "எத்தனை பக்கம் ஆச்சு மாப்ள?" என்று கேட்டார். மாமா திகைத்துப்போய்க் கைவிரலை மடக்கி எண்ணினார்.

"சட்டுனு முடிச்சுக் குடுத்துப்போடு. முடிச்சுக் குடுத்துட்டயின்னா அப்பறம் ஆரும் ஆரையும் ஒன்னுஞ் சொல்ல வேண்டியதில்ல" என்றார் அப்பா.

"முடிச்சதும் மொதல்ல அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போடறனுங்க மச்சான்."

"ம். அதைச் செய்யி."

அவ்வளவு நாள் கண்ணால் பார்க்கப் பிடிக்காத பெட்டியின் மேல் அப்பாவுக்கு ஏன் இந்தக் கரிசனம் வந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பதால் வந்த பக்தி போல ஏதோ என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டுக்கு அப்பாவும் மாமாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மெயின் ரோட்டு மெஸ்ஸிலிருந்து மூன்று வேளையும் பார்சல். வாழை இலையை விரித்துச் சாப்பிட்டுவிட்டு, மடித்து எதிர் வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட வேண்டியது. டீ குடிக்க இருவரும் பேக்கரிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அங்கிருந்து ஒரு தேங்காய் பன் வரும். பாத்திரம் கழுவுவது யார் என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் வேலையைச் சுருக்கிவிட்டோம் என்பதில் இரண்டு பேருக்கும் பெருமை. அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆடு நாளுக்கு நாள் பளபளப்பாக ஆனது.

இடையில் ஒருநாள் அம்மா பட்டறை போனுக்குக் கூப்பிட்டாள். அப்பா எடுத்து, "ம்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். சாப்பிட்டாயா, படித்தாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பாத்திரமெல்லாம் யார் கழுவுகிறார்கள் என்று அம்மா கேட்டாள்.

"பாத்திரமே இல்லீங்கம்மா. எல்லாம் எலைதான்."

"அப்பச் செரி" என்றாள் அம்மா. அந்தக் குரலில் ஏதோ வருத்தம் இருந்ததுபோல இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று எனக்குக் கேட்டதெல்லாம் போனில் இருந்த இரைச்சல்தான்.

அதற்கு இரண்டொரு நாளில் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வந்தது.

முதலில் திரை ஆடியது, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல. பிறகு அடித்துக்கொண்டே இருக்கும்போது அப்படியே நின்றுபோனது. மாமா அணைத்துவிட்டுப் போடுவார், நான் குச்சியை விடுவேன், தேதியை மாற்றுவார், ஒரு பக்கம் அடிப்பதற்குள் மறுபடியும் நின்றுவிடும். இரண்டாவது நாள் குச்சியை விடும்போது என் விரல் பெட்டியின் தகரத்தில் பட்டது. சுருக்கென்று இழுத்தது. நான் கையை உதறிக்கொண்டு அழுதேன். மாமா தானும் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தார்.

"ஒன்னுமில்ல அம்மணி. வயசான ஆளு, எரிஞ்சு உழுகுது" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் முகம் சுண்டியிருந்தது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. என் ரப்பரை வாங்கி, மெமரி கார்டை உருவி, அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். வாயால் ஊதி மறுபடி செருகினார். நிற்பது நிற்கவில்லை. ஹார்ட் டிஸ்க் ஒயரை மாற்றினார். உள்ளே இருந்த தூசியை என் பழைய பல் விளக்கும் பிரஷால் தட்டினார். ஒவ்வொன்றைச் செய்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். இப்போது சரியாகிவிட்டது என்று மூச்சு விடும்போது நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று நினைக்க வைப்பதில்தான் அந்தக் கம்ப்யூட்டர் கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் வைத்திருந்தது.

அன்று சாயந்திரம் அப்பா திருப்புளியோடு வந்தார். அப்பாவுக்கு எல்லா மெஷினும் ஒன்றுதான். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்கத் திருப்புளியின் முனையை மெஷினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கம்ப்யூட்டருக்கும் அதையே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர்போல வெகு நேரம் கேட்டார்.

"ஃபேன் பேரிங் தேஞ்சிருக்குது."

"அது பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க மச்சான்."

நன்றாகக் கேட்பதற்காக அப்பா இன்னொரு கையைப் பெட்டியின் மேல் ஊன்றினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த நொடி திருப்புளி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகப் போனார்கள்.

மாமா ஓடிப்போய்த் தாங்கினார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா கோயில்ல மொளகா அரைச்சுப்போட்டுதோ என்னமோங்க மச்சான்."

மாசாணியம்மன் கோயிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர்கள் மிளகாயை அரைத்து அங்கிருக்கும் கல்லில் பூசி நியாயம் கேட்பார்கள். குற்றம் செய்தவனுக்கு உடம்பு எரியும் என்பார்கள். அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்ற அக்கா அப்படியெல்லாஞ் செய்ய மாட்டா" என்றார். மறுபடியும் கையைப் பார்த்துவிட்டு, "செய்வாளா?" என்று கேட்டார்.

"எனக்குச் செய்யாதுங்க" என்றார் மாமா.

அதன் பிறகு யார் மேல் குற்றம் என்கிற சண்டை தொடங்கியது. அப்பா டெஸ்டரைப் பெட்டியில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. உன் பெட்டியில் கரண்டு கசிகிறது என்றார் அப்பா. உங்கள் லைனில்தான் கோளாறு என்றார் மாமா. இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன், என் லைனில் இதுவரை ஒரு பியூஸ் கூட வெட்டியாகப் போனதில்லை என்று அப்பா குரலை உயர்த்தினார். கசிவு என்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிதான் கெட்டிருக்க வேண்டும் என்று கடைசியில் மாமா தானே இறங்கி வந்தார். சனிக்கிழமை காந்திபுரம் போய், நண்பர் ஒருவரிடம் கெஞ்சி இரவலாக ஒன்றை வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மாற்றிப் போட்டோம். நான் குச்சியை விட்டேன். ஷாக் அடிக்கவில்லை. திரை ஆடவில்லை. மாமா அடிக்க ஆரம்பித்தார். மதியம்வரை நிற்காமல் ஓடியது, மதியத்துக்கு மேலும் ஓடியது. அப்பா அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை "இதென்ன பாடம் மாப்ள?" என்று கேட்டு, மண் வகைகள் என்று மாமா சொன்னதும் தலையாட்டினார். அன்று மதியம் பிரியாணிப் பார்சல். சாயந்திரம் மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நோய் எதுன்னு கண்டுபுடிக்கறதுலதானுங்க எல்லாமே இருக்குது" என்றார். இன்னும் ஒரு நாள் ஓடினால் வேலை முடிந்துவிடும் என்றார். அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில், நான் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை போட்டுக்கொண்டிருந்தபோது, பட்டறையில் லேத் சத்தம் தொடங்கியது. பக்கத்து அறையில் கீபோர்டு சத்தம் நின்றது.

போய்ப் பார்த்தேன். மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் பாதிப் பாடம் அப்படியே உறைந்திருந்தது. நான் குச்சியோடு கிட்டே போகப் பார்த்தேன். தொடாதே என்றார். அவர் குரலில் விளையாட்டே இல்லை. என்றைக்கும் ஏதாவது வேடிக்கை பேசுகிற மாமா அப்படி இருந்தது எனக்கு அம்மா போனதைவிடப் பயமாக இருந்தது. அப்பா வந்து வாசலில் நின்றார்.

"நான் பௌண்டரிக்கே போயிடறனுங்க மச்சான். அக்காகிட்ட நானே சொல்லிப்போடறேன். நீங்க ஒன்னும் நெனச்சுக்க வேண்டாங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமா பௌண்டரிக்குப் போனால் அப்பா கேட்டது நடந்துவிடும், சண்டை முடிந்துவிடும், அம்மன் அம்மாவை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"நீ பௌண்டரிக்குப் போயிட்டா உன்ற அக்கா எந்த மூஞ்சிய வெச்சுட்டு இந்த ஊட்டுக்குள்ள வருவா?" என்றார். "இரு. அவசரப்படாதே."

வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சண்டை போடுவதற்காக இல்லாமல் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நேத்துப் பூராவும் ஓடுச்சு. இன்னைக்கு நின்னுபோச்சு. நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்குது?"

மாமா யோசித்தார். அப்பாவும் யோசித்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நேத்துப் பட்டறை லீவுங்கப்பா" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து பட்டறைப் பக்கம் போய் லேத்தை நிறுத்தச் சொன்னார். நான் குச்சியை விட்டேன். கம்ப்யூட்டர் ஓடியது. லேத்தைப் போடச் சொன்னார். திரை ஆடியது. நிறுத்தினால் ஆட்டம் அடங்கியது. இதை மூன்று நான்கு தடவை செய்து பார்த்தார்கள். குற்றவாளி பட்டறைப் பக்கம்தான் இருக்கிறான் என்று தெரிந்ததும் மாமா ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது அவருடைய நல்ல குணம்.

பட்டறையில் லேத் ஓட்டுகிற வேலைக்கார அண்ணனிடம், மெஷினைத் தொட்டால் ஏதாவது தெரிகிறதா என்று அப்பா கேட்டார்.

"அது நாலு நாளா சுருக்குன்னுதானுங்க இருக்குது."

"ஏன்டா சொல்லுல?"

"பலகை மேல நின்னுக்கிட்டா ஒன்னுந் தெரியறதில்லீங்க. அதுக்குப் போயி உங்களத் தொந்தரவு பண்ணுவானேன்னு" என்றார் அவர். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை கிடந்தது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பல்ப் ஹோல்டரில் இரண்டு ஒயர் மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை எடுத்து வந்தார். ஒரு ஒயரைக் கரண்டு வருகிற பக்கமும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிய வேண்டுமாம். உள்ளே இருக்கிற கம்பி மட்டும் சிவப்பு நூல்போலத் தெரிந்தது. அவ்வளவுதான் வெளிச்சம். மெஷினில் கசிகிற கரண்டு மண்ணுக்குள் போகத்தான் எர்த் ஒயர் இருக்கிறது. மண்ணுக்குள் போக வழியில்லாததால் அது அதே ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்து, மாமாவின் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை மாமா பிற்பாடு எனக்கு விளக்கிச் சொன்னார். அப்போது அப்பா விளக்கத்துக்கெல்லாம் நிற்கவில்லை. விறுவிறுவென்று புறக்கடைக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில்தான் எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு மூடிய குழியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பங்குனி வெயில். அந்த இடம் முழுக்க மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கழுவுகிற கல்லின் மேல் எறும்பு சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. எப்போதும் ஈரமும் புளி வாசனையுமாக இருக்கிற இடம் அது. அப்படிக் காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா குனிந்து குழாயின் வாய்க்குள் பார்த்தார்.

"இதுக்கு ஆரு தண்ணி ஊத்திட்டிருந்தா?" என்றார். யாரிடமும் கேட்டதுபோல இல்லை.

எனக்குத் தெரியும். "அம்மாதான். பாத்திரம் கழுவி முடிச்சதும் கடைசித் தண்ணிய இதுக்குள்ள ஊத்துவாங்க. காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா."

"உங்கம்மாளுக்கு ஆரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்களாமா. பட்டறைக்குக் குழி வெட்டுன அன்னைக்கு. ஒருக்கா நான் எதுக்கும்மான்னு கேட்டதுக்கு, எனக்கென்ன கண்ணு தெரியும், உங்கப்பா சொன்னாரு ஊத்தறேன்னாங்க."

அந்தக் குழி நான் பிறப்பதற்கு முன்னால் வெட்டியது. அப்பா அங்கேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து விரலால் பொடித்தார். இன்னொன்றை எடுத்துப் பொடித்தார். மாமா எதிர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே எங்கள் இலையையெல்லாம் தின்ற ஆடு மதில்மேல் காலை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எலைல தின்னு பாத்திரம் கழுவற வேலைய மிச்சம் புடிச்சமுங்க மச்சான்" என்றார் மாமா.

"வாய மூடிட்டுத் தண்ணி எடுத்துட்டு வா" என்றார் அப்பா. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

மாமா வாளியில் கொண்டுவந்தார். நான் குடத்தில் கொண்டுவந்தேன். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை, போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. குழாய்க்குள் ஊற்ற ஊற்ற, தாகத்தில் இருக்கிறவன் குடிப்பதுபோல உள்ளே சத்தம் கேட்டது. ஊற்றியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. மண்ணின் மேல் ஊற்றினோம், வெடிப்புகள் மெதுவாக வாயை மூடிக்கொண்டன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டை உப்பை வாங்கிவரச் சொல்லி, அதையும் கரைத்து ஊற்றினார். நடுநடுவே டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். சிவப்பு நூல் மஞ்சளானது. மத்தியானம் பல்ப் முகத்தில் அடிக்கிற மாதிரி எரிந்தது.

இரண்டு லேத்தையும் ஓட விட்டுவிட்டு, மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் வெறுங்காலோடு நின்றோம். முதலில் மாமா புறங்கையால் தொட்டார். பிறகு அப்பா. நான் தொடப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துத் தடுத்து, தானே இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். குச்சியை விட்டேன். மாமா தேதியைப் போட்டு, மண் வகைகளை விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பாடமும் முடிந்து ஃபிளாப்பியில் ஏறிவிட்டது. கடைசி எழுத்தை அடித்துவிட்டு, மாமா அந்த அட்டை மூடியைச் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல நேராக்கினார்.

எனக்கு ஒரே குஷி. பட்டறை லீவு என்று சொன்னவள் நான், அம்மா ஊற்றினாள் என்று சொன்னவளும் நான். இனிமேல் அந்த வேலையை நானே செய்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"காத்தால ஒரு கொடம், பொழுதோட ஒரு கொடம் நானே ஊத்திப்போடறனுங்கப்பா."

"நீ ஊத்துனாப் பத்தாது கண்ணு" என்றார் அப்பா. "உங்கம்மாளக் கூட்டியாந்தாத்தான் ஆகும்."

"ஏனுங்கப்பா பத்தாது? பைப்ப இழுத்து உட்டாக் கூடப் போதுமே."

மாமா என் பின்னலைப் பிடித்து இழுத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். அப்பா எழுந்து பட்டறைக்குப் போய்ப் போனை எடுத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"நாந்தான்" என்றார் அப்பா போனில். "எர்த் குழி காஞ்சுபோச்சு. மெஷினெல்லாம் ஷாக் அடிக்குது. உன்ற தம்பி பொட்டி வேற நின்னுபோச்சு. நீ வந்து தண்ணி ஊத்துனாத்தான்…"

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் நான் குடம் குடமாகத் தூக்கி ஊற்றிய பிறகு. பொறுக்க முடியாமல் போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், "இல்லீங்கம்மா, எல்லாம் ஊத்தியாச்சு, நல்லா ஓடுது" என்று கத்தினேன்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மெதுவாகப் போனை மறுபடி காதில் வைத்தார். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா வெறுமனே "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". பிறகு அவர் முகம், அந்த டெஸ்ட் லேம்ப் எரிந்ததுபோல, கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"செரி. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும், ஒரு குடம் தண்ணீருக்காக ஏன் ஆனைமலைவரை ஆள் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்பா பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், ஆனைமலைக்குப் போகப் பொள்ளாச்சி பஸ் ஏறினார். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.